பழைய டீசல் ஜீப்பும் எஃப்.சி.யும்: டெல்டா வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

சொந்த உபயோக ஜீப்புக்கு 15 ஆண்டுகள் முடிந்த பின் பதிவைப் புதுப்பிப்பதற்காக நடக்கும் ஆய்வையும் நம் பக்கத்தில் எஃப்.சி. (தகுதிச் சான்று) என்றே சொல்லிப் பழகிவிட்டோம். அது குறித்து வந்த கேள்விகளுக்கு, டீசல் ஜீப்புகளோடு நெடுங்காலம் பழகிய பட்டறைக்காரன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன்.

வேதாரண்யம் வாசகர்: என்ஜின் சீராக ஓடுகிறது, பெயின்டும் புதிது. ஆனாலும் சேஸைப் (அடிச்சட்டம்) பார்த்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஏன் ஐயா?

உப்பளப் பாதையில் ஓடும் வண்டிக்கு என்ஜினை விட சேஸ்தான் முதலில் கிழடாகிறது. சேஸின் மூடிய பகுதிகளில் உள்ள துளைகள் வழியாகப் புகும் சேறு வெளியே காய்ந்தாலும் உள்ளே ஈரமாகவே தங்குவதால், துரு உள்ளிருந்து வெளியே வருகிறது. வெளியில் அடித்த பெயின்ட் அதை மறைக்குமே தவிர நிறுத்தாது. பின் பட்டை (லீஃப் ஸ்பிரிங்) மாட்டியிருக்கும் இடங்களில் சிறிய சுத்தியலால் தட்டிப் பாருங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். அரித்த இடம் பொத்தென்று அமுங்கும். அங்கே மேலோட்டமாகத் தகடு ஒட்டி கிரீஸ் பூசிக் கொண்டு வருபவர்களை நான் பலமுறை திருப்பி அனுப்பியிருக்கிறேன். அரித்த பகுதியை நல்ல இரும்பு வரை வெட்டி எடுத்து முறையாக வெல்டிங் செய்வதே வழி. அரிப்பு நீண்டிருந்தால் அந்த வண்டிக்குச் செலவு செய்யலாமா என்பதை முதலில் யோசியுங்கள்.

திருத்துறைப்பூண்டி வாசகர்: பிரேக் சோதனையில் வண்டி ஒரு பக்கமாக இழுக்கிறது. ஷூ புதிதாகத்தான் போட்டேன்.

டிரம்மைக் கழற்றி, ஷூவில் எண்ணெய்ப் பளபளப்பு இருக்கிறதா என்று பாருங்கள். வீல் சிலிண்டர் கசிந்தாலும் இப்படி ஆகும். ஆனால் வாய்க்கால் இறங்கி ஏறும் வண்டிகளில் நான் அதிகம் காண்பது வேறொன்று. ஆக்சில் (சக்கர அச்சு) மேல் இருக்கும், காற்று போய்வரும் சிறிய துளையான பிரீதர் களிமண்ணால் அடைத்துக்கொள்ளும். ஓடிச் சூடான ஆக்சிலுக்குள் அழுத்தம் ஏறி, ஆயில் சீலைத் தாண்டி எண்ணெய் டிரம்முக்குள் வந்துவிடும். அதே ஆக்சில் திடீரென்று தண்ணீரில் குளிரும்போது வெளியிலிருந்து நீரை உள்ளே இழுக்கும். பிரீதரைச் சுத்தம் செய்யாமல் சீலை மட்டும் மாற்றினால் அடுத்த தாளடிக்குள் மீண்டும் ஒழுகும். எண்ணெய் ஊறிய ஷூவைத் தேய்த்துப் பயன்படுத்த வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

கும்பகோணம் வாசகர்: புகைச் சோதனையில் தோற்றுவிட்டது. டீசல் பம்பு ஸ்குரூவைக் குறைத்தால் போதுமா?

பி.எஸ். 4 (பாரத் ஸ்டேஜ் 4) மாசு விதிக்கு முந்தைய டீசல் வண்டிக்கு அனுமதிக்கப்பட்ட அளவு 65 ஹார்ட்ரிட்ஜ் அலகு; இது புகையின் அடர்த்தியைச் சொல்லும் அளவு. நன்றாக இருக்கும் பழைய என்ஜின் அதற்குள் அடங்கிவிடும். ஸ்குரூவைக் குறைத்து அன்று மட்டும் தப்பித்துப் பின் ஏற்றிக்கொள்வது எனக்கு உடன்பாடில்லை. கரும்புகை என்றால் முதலில் ஏர் ஃபில்டரைத் திறந்து பாருங்கள். அறுவடைக் காலத்து வைக்கோல் தூசு தூசைப் பிடிக்கும் எண்ணெய்க் கிண்ணத்தில் (ஆயில் பாத்) கூழாகிக் கிடக்கும். அது சரியாக இருந்தால் இன்ஜெக்டர் நாசில், அதன்பின் பம்பு கேலிபரேஷன். நீலப்புகை என்றால் உள்ளே எண்ணெய் எரிகிறது, அது பெரிய வேலை. சோதனைக்கு முன் கொஞ்ச தூரம் ஓட்டி என்ஜினைச் சூடாக்கிக்கொண்டு போங்கள்.

மன்னார்குடி வாசகர்: ஸ்டியரிங்கில் ஆட்டம் எவ்வளவு இருக்கலாம்? டயர்?

விதிப்படி ஸ்டியரிங் சக்கரத்தில் ஆட்டம் 30 டிகிரிக்கு மேல் போகக் கூடாது. டை ராடு எண்டு, கிங் பின், ஸ்டியரிங் பாக்ஸ் என்ற வரிசையில் பாருங்கள். டயர் பட்டன் ஆழம் குறைந்தது 1.6 மில்லிமீட்டர் வேண்டும்.

நாகப்பட்டினம் வாசகர்: சேஸ் எண் துருவில் தெரியவில்லை. கிரைண்டர் போட்டுத் தெளிவாக்கலாமா?

கூடவே கூடாது. மண்ணெண்ணெயில் ஊறவைத்து, மென்மையான கம்பித் தூரிகையால் தேய்த்து, எண் தெரிந்ததும் மெல்லிய கிரீஸ் பூசிவையுங்கள். கிரைண்டர் தொட்ட இடமும் நாமாக அடித்த எண்ணும் திருட்டு வண்டி என்ற சந்தேகத்தையே கிளப்பும். எண் முற்றிலும் அழிந்திருந்தால், ஆய்வு நாளுக்கு முன்பே எழுத்துமூலம் அலுவலகத்தில் தெரிவியுங்கள்.

திருவாரூர் வாசகர்: முன்னால் இரும்பு பம்பர், பெரிய டயர், மாற்று என்ஜின் மூன்றும் இருக்கின்றன. எதைக் கழற்ற வேண்டும்?

பம்பரையும் பெரிய டயரையும் கழற்றிவிடுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு அனுமதியற்ற மாற்றங்களைத் தடுக்கிறது; இரும்பு பம்பர் குறித்து மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. என்ஜின் மாற்றம் ஆர்.சி.யில் ஏறியிருந்தால்தான் செல்லும். இல்லையென்றால் அதை முதலில் முடித்துக்கொண்டு, பதிவுக் காலம் முடிவதற்கு முந்தைய 60 நாட்களுக்குள் படிவம் 25-ஐக் கொடுங்கள்.