சூடோ போட்டால் சரியாகிவிடுமா?

கேள்வி: உபுண்டு லேப்டாப்பில் டைப்ஸ்கிரிப்ட் மொழிக்கான கருவியை என்பிஎம் மூலம் குளோபலாக (எல்லா புராஜெக்ட்டுக்கும் பொதுவாக) நிறுவப் போனால் 'பெர்மிஷன் டினைட்' என்று வருகிறது. "கட்டளைக்கு முன்னாடி சூடோ போட்டு அடிம்மா, ஓடிடும்" என்கிறார் டீம் லீட். ஓடவும் செய்கிறது. இதில் என்ன தப்பு?
(சோழிங்கநல்லூர் வாசகி)

பதில்: சென்னையில் வாடகைக்குக் குடியிருப்பவர்களுக்கு இது சட்டென்று புரியும். சுவரில் ஓர் ஆணி அடிப்பதென்றாலும் ஹவுஸ் ஓனரைக் கேட்க வேண்டும், இல்லையா? லேப்டாப் நீங்கள் காசு கொடுத்து வாங்கியதுதான். ஆனால் லினக்ஸ் கணக்குப்படி, புரோகிராம்கள் இருக்கும் 'யூஎஸ்ஆர்' ஃபோல்டருக்கு ஓனர் 'ரூட்', அதாவது கணினியின் நிர்வாகிக் கணக்கு. குளோபல் பேக்கேஜ்களை என்பிஎம் (ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ்களை நிறுவும் கருவி) வைக்கப் பார்ப்பது பெரும்பாலும் அதற்குள் இருக்கும் 'லோக்கல்' ஃபோல்டரில். 'என்பிஎம் கான்ஃபிக் கெட் பிரிஃபிக்ஸ்' என்று அடித்தால் உங்கள் கணினியில் அது எந்த இடம் என்று தெரிந்துவிடும்.

சூடோ போட்டால் அந்த வேலை முழுக்க ரூட்டின் பெயரில் நடக்கிறது. பல பேக்கேஜ்களில், நிறுவியவுடன் தானாக ஓடும் ஸ்கிரிப்ட் ஒன்று இருக்கும். முகம் தெரியாத யாரோ எழுதிய அந்த ஸ்கிரிப்ட்டுக்கு வாசல் சாவியோடு பீரோ சாவியையும் சேர்த்துக் கொடுக்கிறீர்கள். கெட்ட எண்ணம் இல்லாமலும் விபத்து நடக்கும். 2018 பிப்ரவரியில் வந்த என்பிஎம் 5.7.0 பதிப்பில் ஒரு பிழை இருந்தது. அதை சூடோவோடு ஓட்டியவர்களின் சிஸ்டம் ஃபோல்டர்களுக்கு ஓனரே மாறிப்போய், சர்வர்கள் முடங்கின. 5.7.1 வந்துதான் சரியானது.

நான் சொல்லும் வழி என்விஎம், அதாவது நோடின் பதிப்புகளை நிர்வகிக்கும் கருவி. அது நோடையும் (ஜாவாஸ்கிரிப்ட்டை ஓட்டும் புரோகிராம்) குளோபல் பேக்கேஜ்களையும் உங்கள் ஹோம் ஃபோல்டரிலேயே வைத்துக்கொள்ளும். அங்கே ஓனர் நீங்கள்தான். என்விஎம்மை நிறுவும்போதும் சூடோ வேண்டாம்.

இன்னொன்றையும் கேட்கிறேன். டைப்ஸ்கிரிப்ட் குளோபலாக இருந்தே ஆக வேண்டுமா? புராஜெக்ட்டுக்குள் டெவ் டிபென்டென்சியாக (உருவாக்கும் வேலைக்கு மட்டும் தேவையான பேக்கேஜாக) சேர்த்து, அப்படி உள்ளே இருக்கும் கருவியை ஓட்டித் தரும் என்பிஎக்ஸ் மூலம் ஓட்டுங்கள். டீமில் எல்லோரிடமும் ஒரே பதிப்பு இருக்கும். "என் மெஷினில் ஓடுதே" என்ற சண்டையில் பாதி குறையும்.

கேள்வி: கல்லூரி லேப் கணினியில் எங்களுக்கு சூடோ உரிமையே கிடையாது. நோடை மாற்றவும் விடமாட்டார்கள். என்ன செய்வது?
(தாம்பரம் மாணவர்)

பதில்: தம்பி, இருக்கிற நோடையே வைத்துக்கொள்ளலாம். ஹோம் ஃபோல்டரில் 'என்பிஎம்-குளோபல்' என்று ஒரு ஃபோல்டர் உண்டாக்குங்கள். 'என்பிஎம் கான்ஃபிக் செட் பிரிஃபிக்ஸ்' என்று அடித்து, பக்கத்தில் அந்த ஃபோல்டரின் முழு முகவரியைக் கொடுங்கள். அதற்குள் உருவாகும் 'பின்' ஃபோல்டரை, டெர்மினல் திறக்கும்போது படிக்கப்படும் பாஷ்-ஆர்சி ஃபைலில், கட்டளைகளை எங்கே தேடுவது என்று சொல்லும் 'பாத்' வரியில் சேருங்கள். பலரும் கோட்டை விடுவது இந்தக் கடைசிப் படியில்தான். பேக்கேஜ் ஒழுங்காக இறங்கியிருக்கும், 'கமாண்ட் நாட் ஃபவுண்ட்' என்று வரும், நிறுவலே தோற்றுவிட்டதாக நினைத்து முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள். புதிய டெர்மினல் திறந்து பாருங்கள். பின்னாளில் அதே கணக்கில் என்விஎம் போட்டால் இந்த பிரிஃபிக்ஸ் வரியை நீக்கிவிட வேண்டும். இரண்டும் ஒத்துப்போகாது.

கேள்வி: முன்பு சூடோ போட்டுத்தான் நிறுவினேன். இப்போது புராஜெக்ட்டுக்குள் சாதாரணமாக நிறுவினாலும் கேஷில் பெர்மிஷன் பிழை.
(வேளச்சேரி வாசகர்)

பதில்: ஹோமில், இறக்கிய பேக்கேஜ்களை என்பிஎம் சேமித்துவைக்கும் 'டாட் என்பிஎம்' என்ற கேஷ் ஃபோல்டருக்குள் ரூட்டுக்குச் சொந்தமான ஃபைல்கள் தங்கிவிட்டன. சூடோவோடு, ஓனரை மாற்றும் 'சோன்' (chown) கட்டளையைக் கொடுத்து, அந்த ஒரு ஃபோல்டரை மட்டும் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். இங்கே சூடோ நியாயமானது. உங்கள் பொருளைத்தான் திரும்ப வாங்குகிறீர்கள்.

கேள்வி: யாரோ சொன்னார்கள் என்று 'யூஎஸ்ஆர்' முழுவதற்கும் 'சிஹெச்மாட் 777' (எல்லோருக்கும் எல்லா அனுமதியும் தரும் கட்டளை) கொடுத்துவிட்டேன். இப்போது சூடோவே வேலை செய்யவில்லை. பயமாக இருக்கிறது.
(பெரம்பூர் வாசகர்)

பதில்: பயப்படாதீர்கள், உங்கள் ஃபைல்கள் ஹோமில் பத்திரமாக இருக்கின்றன. சூடோ புரோகிராம் ரூட்டின் உரிமையோடு ஓடுவதற்கு அதன்மேல் 'செட்-யூஐடி' என்று ஓர் அடையாளம் வேண்டும். நீங்கள் கொடுத்த கட்டளை அதை அழித்துவிட்டது. அதோடு நிற்கவில்லை, அங்கிருக்கும் எல்லா ஃபைலையும் யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்றும் ஆகிவிட்டது. ஒவ்வொன்றுக்கும் பழைய அனுமதி என்னவென்று தேடித் திருத்த முயலாதீர்கள். நிறுவாமலே உபுண்டு ஓடும் லைவ் பென்டிரைவில் பூட் செய்து ஹோமை வெளி டிஸ்க்கில் நகலெடுங்கள், பிறகு உபுண்டுவைப் புதிதாக நிறுவுங்கள். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ரிச்சி தெரு ரிப்பேர் கடைகளுக்கு ஓட வேண்டாம். ஹார்டுவேருக்கு ஒன்றும் ஆகவில்லை.

கேள்வி: பைத்தானில் பேக்கேஜ் நிறுவும் பிப் 'எக்ஸ்டர்னலி மேனேஜ்ட்' என்று மறுக்கிறதே, இதுவும் அதே கதையா?
(கொளத்தூர் வாசகி)

பதில்: உறவுக்காரக் கதை. டெபியன் 12, உபுண்டு 24.04 போன்றவற்றில் சிஸ்டத்தின் சொந்தக் கருவிகளே அந்தப் பைத்தானை நம்பித்தான் ஓடுகின்றன. அதனால்தான் பூட்டு. சூடோ போட்டாலும் அது திறக்காது. 'பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்' என்று ஒரு ஆப்ஷன் உண்டு. சிஸ்டத்தை உடைக்கும் என்று பெயரிலேயே எழுதியிருக்கிறது, தொடாதீர்கள். புராஜெக்ட்டுக்கு 'வென்வ்' (அதற்கென்று தனி பைத்தான் சூழல்), டெர்மினலில் ஓட்டும் கருவிகளுக்கு 'பிப்எக்ஸ்'. பிப்எக்ஸை, சிஸ்டத்தின் சொந்த நிறுவல் கருவியான ஆப்ட் மூலமே நிறுவலாம்.