நைட்ரைட் இறங்காத புது உப்புநீர்த் தொட்டி

புது உப்புநீர்த் தொட்டியில் மூன்று வாரமாகியும் நைட்ரைட் இறங்கவில்லை, கிளவுன் மீனை விடலாமா என்று கேட்டிருந்தீர்கள். இப்போது விடாதீர்கள். மூன்று வாரத்தில் அம்மோனியா சுழியமாகி, நைட்ரைட் மட்டும் உச்சத்தில் நிற்பது கோளாறு அல்ல. அம்மோனியாவை ஒருவகை பாக்டீரியா நைட்ரைட்டாக்கும்; அந்த நைட்ரைட்டைத் தின்று நைட்ரேட்டாக்கும் இன்னொரு வகை மெதுவாகத்தான் பெருகும்.

பாக்டீரியாவுக்குத் தீனியாகத் தினமும் அம்மோனியா ஊற்றியதாக எழுதியிருந்தீர்கள். எனக்கு அதன்மேல்தான் சந்தேகம். நைட்ரைட் குவிந்து, சோதனைக் குப்பியின் அளவையே தாண்டியிருக்கும். ஊற்றுவதை நிறுத்துங்கள்.

அப்புறம், தொட்டித் தண்ணீர் ஒரு பங்கு, ஆர்ஓ தண்ணீர் (சவ்வு வடிகட்டியில் சுத்தமாக்கியது) ஒன்பது பங்கு கலந்து சோதியுங்கள். வரும் எண்ணைப் பத்தால் பெருக்கினால் உண்மை அளவு. மிக அதிகமென்றால் பாதித் தண்ணீரை மாற்றுங்கள். புது உப்புநீர் கலக்கும் பைப் தண்ணீரில் குளோரின் நீக்கி கட்டாயம். நைட்ரைட் இருக்கும்வரை நைட்ரேட் சோதனையை நம்பாதீர்கள், பொய்யாகக் கூட்டிக் காட்டும்.

நைட்ரைட் இறங்கியபின் 2 பிபிஎம் (பத்து லட்சத்தில் இரண்டு பங்கு) அம்மோனியா விடுங்கள். 24 மணி நேரத்தில் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் சுழியமானால் தொட்டி தயார்.

ஒரு எச்சரிக்கை: சுங்கை சிப்புட் எஸ்டேட் வீடு, தகரக் கூரை என்றீர்களே, மதியம் தொட்டியின் சூட்டைப் பாருங்கள். சூடான நீரில் ஆக்சிஜன் குறையும், பாக்டீரியாவுக்கும் அது வேண்டும். நீரில் காற்றுக் குமிழி விடும் காற்றுக்கல்லை நிறுத்தாதீர்கள். வற்றியதை உப்பில்லாத ஆர்ஓ தண்ணீரால் மட்டும் நிரப்புங்கள்.