அழகான அச்சை வெட்டாதீர்கள்: கேள்வி பதில்

கையால் அச்செடுத்த காகிதங்களைக் கத்தரித்து ஒட்டிப் படம் (கொலாஜ்) செய்வது பற்றி வந்த கேள்விகளுக்கு, காரைக்குடியிலிருந்து பதில் சொல்கிறேன்.

ஆச்சி, தரையில் பதித்த ஆத்தங்குடிப் பூக்கல் மேல் காகிதம் வைத்துக் கிரயானால் தேய்த்தால் பூ விழுமா? (புதுவயல்)

விழாது தம்பி. அந்தக் கல்லைக் கண்ணாடி மேல் வார்க்கிறார்கள். உலோக அச்சுக்குள் நிறக் கலவையை ஊற்றி, அச்சை எடுத்துவிட்டு, மேலே மணலும் சிமெண்டும் போட்டு அழுத்துவார்கள். கண்ணாடியோடு ஒட்டியிருந்த பக்கம்தான் நாம் மிதிக்கிற பக்கம். மேடு பள்ளமே இல்லாததைத் தேய்த்து என்ன வரும்? பூவை அளவெடுத்து அட்டையில் ஸ்டென்சில் வெட்டிக்கொள்ளுங்கள். தேய்க்கத்தான் கொட்டான், நம் ஓலைக்கூடை, இருக்கிறதே! ஓலைப் பின்னல் மேல் மெல்லிய காகிதத்தைப் போட்டு, கிரயானைப் படுக்கவைத்துத் தேய்த்தால் கட்டம் கட்டமாக எழும்பும். என் படங்களில் வரும் பெண்களுக்குக் கண்டாங்கிச் சேலை அதில்தான்.

சாயம் தடவி அச்செடுக்க உறையவைத்த ஜெலட்டின் தட்டு மத்தியானத்துக்குள் இளகிவிடுகிறது. சைனா கிராஸ் போடலாமா? (தேவகோட்டை)

சைனா கிராஸ் வெயிலுக்கு இளகாது, ஆனால் விண்டுபோகும். ரோலர் நாலு தடவை ஓடினால் ஓரம் பிய்ந்து வரும். ஜெலட்டினே இருக்கட்டும். 35 டிகிரி பக்கம் வந்தாலே உருகுகிற பொருள், நம் சித்திரைக்கு எம்மாத்திரம்! விடிகாலையில் வேலையை முடியுங்கள். இளகினால் வெந்நீர் மேல் வைத்து உருக்கி, மறுபடி ஊற்றிக்கொள்ளலாம். இல்லையா, வாழைமட்டையைக் குறுக்கே வெட்டுங்கள், அறை அறையாக விழும். வெண்டைக்காய் பூவாக விழும். வெட்டிய முகத்தைத் துணியில் ஒற்றிவிட்டுச் சாயம் தடவ வேண்டும், ஈரம் இருந்தால் எல்லாம் கொழகொழவென்று ஆகிவிடும்.

ஒட்டும்போது போஸ்டர் கலர் கலங்குகிறதே?

அது காய்ந்த பிறகும் நீரில் கரையும். அக்ரிலிக்குக்கு மாறுங்கள்.

மைதாப் பசையா, ஃபெவிகாலா?

ஃபெவிகால். முன்பு ஒரு தடவை, பூச்சி அண்டாமலிருக்கப் போடும் மயில்துத்தம் இல்லாமல் மைதா காய்ச்சி ஒட்டி, படத்தை பீரோவுக்குப் பின்னால் சாய்த்து வைத்தேன். ஆடி கழிந்து எடுத்தால், ராமபாணப் பூச்சி படத்திலிருந்த திண்ணையை மட்டும் தின்றுவிட்டு வீட்டை விட்டுவைத்திருந்தது. மயில்துத்தம் விஷம், பிள்ளைகள் புழங்கும் இடத்தில் வேண்டாம். ஃபெவிகாலில் கொஞ்சம் நீர் விட்டுத் தடவி, நடுவிலிருந்து ஓரத்துக்கு நீவுங்கள். அட்டை வளைந்தால் பின்பக்கமும் ஒரு காகிதம் ஒட்டுங்கள். காயும்போது இரண்டு பக்கமும் சமமாக இழுக்கும்.

அச்சு அழகாக வந்துவிட்டால் வெட்ட மனசு வரவில்லை ஆச்சி.

வெட்டாதீர்கள், சட்டம் போட்டு மாட்டுங்கள். முழுசாக அமைந்த அச்சு, படத்துக்குள் போனாலும் தன்னை மட்டும் பார்க்கச் சொல்லும். நமக்கு வேண்டியது அரைகுறை. ரோலரில் சாயம் தீரும் நேரத்தில் எடுத்த காகிதத்தைப் பாருங்கள், பூட்டிக் கிடக்கும் வளவு வீட்டின் காரை பெயர்ந்த சுவர் அப்படியே இருக்கும். அதை வேண்டுமென்று செய்தால் வராது. அதனால் எந்தப் படத்துக்கு என்று யோசிக்காமல் அச்செடுத்துக் குவியுங்கள், அப்புறம் நிறவாரியாகப் பிரித்து வையுங்கள். பிரெஞ்சு ஓவியர் மத்தீஸ்கூடக் கடைசிக் காலத்தில், உதவியாளர்கள் வண்ணம் பூசித் தந்த காகிதங்களில்தான் கத்தரியை வைத்தார்.

ஆயா வீட்டில் கிழிந்த ரவி வர்மா படங்கள் கிடக்கின்றன. வெட்டி ஒட்டலாமா? (கோனாபட்டு)

வேண்டாம் ஆத்தா. 1894-இல் பம்பாயில் அவர் தொடங்கிய அச்சகத்துப் படமாகவே இருக்கலாம். நம் பக்கத்தில் இந்த மாதிரிப் படங்களுக்குத் துணியும் ஜரிகையும் ஜமிக்கியும் ஒட்டி உடுத்திவிட்டிருப்பார்கள். எங்கள் வீட்டு லட்சுமிக்கு நிஜத் துணியில் சேலை, கொசுவம்கூட மடித்து ஒட்டியிருக்கிறது. ஒட்டியவர் கொலாஜ் என்ற பேரையே கேட்டிருக்க மாட்டார். உங்கள் படத்திலும் அப்படி ஏதாவது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நகலெடுத்து, நகலை வெட்டுங்கள். அசல் முற்றத்து வெயில் விழாத சுவருக்குப் போகட்டும்.