சென்னையில் சொந்த வண்டி இல்லாமல் காலம் தள்ள முடியுமா?

முடியும். ஆனால் வீடு எங்கே என்று கேட்காமல் யாரும் உறுதி சொல்லக் கூடாது.

எனக்கு வீடு குரோம்பேட்டை, வேலை எழும்பூர். ஸ்கூட்டரை விற்று நான்கு வருடமாகிறது. 1931-இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே ஓடத் தொடங்கிய மின்சார ரயில் பாதையிலேயே இரண்டும் அமைந்துவிட்டன. என் சாமர்த்தியம் ஒன்றுமில்லை, வாடகைக்கு வீடு கிடைத்த இடம் அப்படி. சீசன் டிக்கெட் எடுத்துவிட்டால், ஸ்கூட்டருக்கு ஒரு தடவை டேங்க் நிரப்பிய காசில் மாதம் ஓடிவிடும்.

பெண்கள் பெட்டியில் பல்லாவரத்தில் ஓர் அம்மா ஏறுவார். உட்கார இடம் கிடைத்ததோ இல்லையோ, உதிரி மல்லிகையை மடியில் கொட்டிக்கொண்டு கட்டத் தொடங்கிவிடுவார். கிண்டியில் கூட்டம் முட்டி மோதி இறங்கும்போதும் கை நிற்காது. மாம்பலம் வருவதற்குள் சரம் பந்தாகச் சுருண்டு கூடைக்குள் போயிருக்கும். அவருக்கு அந்த ரயில்தான் பட்டறை.

2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. மிச்சமாகும் காசைவிட, வழியில் இறங்கிவிட்டு மறுபடி ஏறலாம் என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. முன்பு ஒரு டிக்கெட்டுக்கு ஒரு வேலை. இப்போது தி.நகரில் இறங்கி ரவிக்கையைத் தைக்கக் கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடிக்கிறேன். என்ன, டீலக்ஸ் பஸ் இரண்டைப் போகவிட்டு, வெள்ளை போர்டு மாட்டிய சாதாரண பஸ் எப்போது வரும் என்று வெயிலில் நிற்க வேண்டும். காலி டீலக்ஸ் கடந்து போகும்போது வயிறு எரியும்.

2015-இல் வந்த மெட்ரோவில் குளிர்ச்சி உண்டு, நெரிசல் குறைவு. மழை நாளில் நானும் கிண்டியில் இறங்கி அதற்கு மாறியிருக்கிறேன். தினமும் என்றால் கை கடிக்கும்.

உண்மையான சிக்கல் ரயிலில் இல்லை, நிலையத்துக்கும் வீட்டுக்கும் நடுவே இருக்கும் ஒன்றரை கிலோமீட்டரில் இருக்கிறது. பகலில் ஷேர் ஆட்டோ உண்டு. இரவு பத்து மணிக்கு அம்மாவை மருத்துவமனைக்கு அழைத்துப்போக நேர்ந்தபோது, ரயிலுக்கு ஒரு மாதம் கொடுப்பதை ஆட்டோவுக்கு ஒரே நடையில் கொடுத்தேன். அன்று ஸ்கூட்டரை நினைத்துக்கொண்டது நிஜம்.

வீடு பார்க்கும்போது அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால், ராத்திரி எட்டு மணிக்குக் கையில் காய்கறிப் பையோடு நிலையத்திலிருந்து அந்த வீட்டுக்கு ஒருமுறை நடந்து பாருங்கள். தெருவிளக்கு எரிகிறதா, நாய் எத்தனை என்பதெல்லாம் அப்போது தெரிந்துவிடும்.