இடிந்த பிறகுதான் வழக்குப் போட முடியுமா?

கேள்வி: எங்கள் ஊருக்கு மேலே பழைய தாமிரச் சுரங்கத்தின் தாதுக்கழிவு அணை இருக்கிறது. சுரங்கம் நின்று ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன; காவலாளி ஒருவர் மட்டும் இருக்கிறார். அணையின் அடியில் எப்போதும் கொஞ்சம் நீர் கசியும். சென்ற மழைக்குப் பிறகு அது கலங்கலாக வருகிறது. நிறுவனத்தாரிடம் கேட்டால், உறுதிச் சான்றிதழ் இருக்கிறது என்கிறார்கள். கலெக்டர் அலுவலகம் கனிமத் துறையைக் கைகாட்டுகிறது. அவர்கள் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தைக் கைகாட்டுகிறார்கள். அணைப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் புகார் கொடுக்கலாமா? அணை உடையும்வரை நாங்கள் காத்திருக்க வேண்டுமா?

பதில்: காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் நீங்கள் தட்ட நினைக்கும் கதவு உங்களுக்கான கதவு அல்ல.

அணைப் பாதுகாப்புச் சட்டம், 2021 பேசுவது ஆறுகளுக்கும் கிளையாறுகளுக்கும் குறுக்கே, நீரைத் தேக்கவோ திருப்பவோ கட்டப்பட்ட தடுப்புகளைப் பற்றி. கழிவுக் குழம்பைத் தேக்கும் கரை அந்த வரையறைக்குள் எளிதில் அடங்காது. உங்கள் அணை ஓர் ஓடையை மறித்துக் கட்டப்பட்டிருந்தால் வாதாட இடமுண்டு. இருந்தாலும் முதல் மனுவை அதை நம்பிப் போடாதீர்கள். 'இது அணையா, இல்லையா' என்ற சண்டையிலேயே இரண்டு மழைக்காலம் போய்விடும்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, குத்தகை இன்னும் யார் பெயரில் இருக்கிறது என்பது. உற்பத்தி நின்றதும் சட்டப்படி சுரங்கம் மூடப்பட்டதும் ஒன்றல்ல. கனிமப் பாதுகாப்பு மற்றும் மேம்பாட்டு விதிகள், 2017-இன்படி, ஒப்புதல் பெற்ற இறுதி மூடல் திட்டத்தை நிறைவேற்றி, அதற்குரிய சான்று வாங்காமல் குத்தகைதாரர் சுரங்கத்தைக் கைவிட முடியாது. கழிவுக் குவியல்களிலிருந்து மண்ணோ சேறோ வெளியேறிப் பக்கத்து நிலத்தையும் நீரோடைகளையும் கெடுக்காமல் பாதுகாப்பதும் அவர் கடமை. தாமிரம் பெருங்கனிமம் என்பதால் இந்த விதிகளைக் கவனிப்பது நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியச் சுரங்கப் பணியகம். அதன் மண்டல அலுவலகத்துக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள்: மூடல் திட்டம், மூடும் செலவுக்கு நிறுவனம் தந்த நிதி உத்தரவாதம், அணையின் கடைசி ஆய்வறிக்கை, அணைக்குள் நீர்மட்டம் காட்டும் பீசோமீட்டர் அளவீடுகள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம், சுரங்கம் இயங்க அது தந்த இசைவாணையின் நகலைக் கேளுங்கள். சுற்றுச்சூழல் அனுமதி பெற்ற திட்டமானால், ஆண்டுதோறும் ஜூன் 1, டிசம்பர் 1 ஆகிய தேதிகளில் தர வேண்டிய அரையாண்டு அறிக்கைகளும் பொது ஆவணங்களே. 'வணிக ரகசியம்' என்று மறுத்தால் மேல்முறையீடு செய்யுங்கள். பொதுநலன் பெரிதாக இருந்தால் வெளியிடலாம் என்று, அப்படி மறுக்க இடம்தரும் தகவல் உரிமைச் சட்டத்தின் அதே பிரிவு 8(1)(டி) சொல்கிறது.

சான்றிதழைப் பற்றி ஒரு வார்த்தை. பிரேசிலின் புருமாடினோவில் 2019 ஜனவரி 25 அன்று உடைந்து 270 பேரைப் பலிகொண்ட அணை 2016-க்குப் பிறகு கழிவு எதுவும் ஏற்காதது. உடைவதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் அது உறுதியாக இருப்பதாகச் சான்று பெற்றிருந்தது. ஓய்ந்த அணை ஆபத்தற்ற அணை என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள். சட்டமும் சான்றிதழைக் கேடயமாக ஏற்பதில்லை. அபாயகரமான தொழிலால் தீங்கு நேர்ந்தால், எவ்வளவு கவனமாக இருந்தேன் என்ற வாதம் எடுபடாது என்று ஓலியம் வாயுக் கசிவு வழக்கில் 1986-இலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது.

உங்கள் கடிதத்தில் என் கண்ணில் பட்டது 'கலங்கலாக' என்ற சொல்தான். தெளிந்த கசிவு பல அணைகளில் உண்டு. கலங்கிய கசிவு, அணையின் உள்ளிருந்து மண்துகள் வெளியேறுகிறது என்பதற்கு அறிகுறியாக இருக்கலாம். அதே இடத்தில், வாரம் ஒரு முறை, கண்ணாடிப் பாட்டிலில் நீர் பிடித்துத் தேதி ஒட்டி வையுங்கள். அடியில் படியும் வண்டலைப் படம் எடுங்கள். இதை அணையின் எல்லைக்கு வெளியே, கசிவு ஓடிவரும் இடத்தில் செய்தால் போதும். அணைக்குள் இறங்கவே வேண்டாம்: மேற்பரப்பு காய்ந்து கெட்டித்தாற்போல் இருக்கும், கீழே சேறு இருக்கும். அத்துமீறல் வழக்கு வேறு வரும்.

இந்தத் தேதிகள் ஏன் முக்கியம்? தேசியப் பசுமைத் தீர்ப்பாயச் சட்டம், 2010-இன் 14-ஆம் பிரிவில், வழக்கெழு காரணம், அதாவது வழக்குக்கு இடம்தந்த நிகழ்வு, முதலில் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் மனுச் செய்ய வேண்டும். தக்க காரணம் காட்டினால் மேலும் அறுபது நாள் கிடைக்கும். 'கசிவு ஒன்பது ஆண்டாக இருக்கிறதே' என்பதுதான் எதிர்த்தரப்பின் முதல் ஆட்சேபமாக வரும். ஆகவே பழைய கதையை மனுவின் முதல் பத்தியில் கொட்டாமல், நீர் கலங்கத் தொடங்கிய நாளை வைத்துத் தொடங்குங்கள். விளைநிலமோ கிணறோ கெட்டிருந்தால் இழப்பீட்டுக்கும் சீரமைப்புக்கும் 15-ஆம் பிரிவு; அதற்கு ஐந்து ஆண்டு அவகாசம். தீங்கு நேரும் முன்பே தடுக்கும் முன்னெச்சரிக்கைக் கொள்கையைப் பின்பற்ற 20-ஆம் பிரிவு தீர்ப்பாயத்தைப் பணிக்கிறது. 'அணையை அகற்று' என்று கேட்காதீர்கள். அவ்வளவு கழிவை எங்கே கொண்டுபோவது? நிறுவனத்தின் செலவில் சார்பற்ற நிபுணர் ஆய்வு, வடிகால் சீரமைப்பு, உடைந்தால் எதுவரை சேறு பாயும் என்ற வரைபடம், ஊருக்குள் எச்சரிக்கை சைரன் ஆகியவற்றைக் கேளுங்கள். தீர்ப்பாயங்கள் தயங்காமல் தரக்கூடியவை இவை.

இதற்கிடையில் கோட்டாட்சியரிடம் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-ஆம் பிரிவில் மனுக் கொடுங்கள். விழக்கூடிய நிலையில் இருந்து அக்கம்பக்கத்தாருக்கு ஆபத்தாகும் கட்டமைப்பைப் பழுதுபார்க்கவோ முட்டுக்கொடுக்கவோ உரிமையாளருக்கு உத்தரவிட அவருக்கு அதிகாரம் உண்டு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-ஆம் பிரிவுதான் இது. ஒரு நகலை, மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் தலைவர் என்ற முறையில் கலெக்டருக்கு அனுப்பி ஒப்புகைச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். அந்தப் பொறுப்பில் அவர் உங்களை வேறு துறைக்குக் கைகாட்ட முடியாது.

கசிவு திடீரென்று பெருகினாலோ, கரையில் புது விரிசல் தெரிந்தாலோ மனு எழுத உட்காராதீர்கள். முதலில் மேட்டுப் பக்கம் போங்கள், 112-ஐ அழையுங்கள்.