ரத்தாஸியின் கண்ஜாடை

அன்புள்ள ஐயா,

போட்டித் தேர்வுக்காக இத்தாலிய ஒருங்கிணைப்பைப் படிக்கிறேன். உர்பானோ ரத்தாஸி 1862 மார்ச்சில் பிரதமரானார், டிசம்பரில் விலகினார் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். இடதும் வலதும் கலந்த கூட்டணி என்பதால்தானே கவிழ்ந்தது? கொள்கையில்லாத கூட்டு நிலைக்காது என்று எடுத்துக்கொள்ளலாமா? கரிபால்டிக்குத் துரோகம் செய்தவர் என்று எழுதினால் மதிப்பெண் குறையுமா?

எம்.

அன்புள்ள எம்.,

அந்த ஒரு வரியைத் தாண்டிப்போகாமல் ஏன் என்று கேட்டீர்களே, அதற்காகவே எழுதுகிறேன். கொஞ்ச நாளாக நானும் இந்த ரத்தாஸியோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். ஆனால் பதிலைக் கையில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்பது என்ன பழக்கம்? துரோகி, தியாகி எல்லாம் மேடைக்கு ஆகும். மதிப்பெண்ணைத் திருத்துகிறவரிடம் கேளுங்கள்.

கூட்டணியால் கவிழவில்லை. வலதிலிருந்து வந்த செல்லா நிதியைப் பார்த்தார், இடதிலிருந்து வந்த தெப்ரெதிஸ் பொதுப்பணியைப் பார்த்தார். நாடு முழுவதற்கும் லிராதான் நாணயம் என்ற சட்டம் அந்த ஆகஸ்ட் 24இல் வந்தது. அடித்துக்கொண்டிருந்தவர்கள் செய்கிற வேலையா இது? ரத்தாஸிக்குக் கூட்டும் புதிதில்லை. இத்தாலி ஒன்றாவதற்கு முந்தைய பியெட்மான்ட் அரசின் காலத்தில், 1852இலேயே, பின்னாளில் அங்கே பிரதமரான காவூரோடு கைகோத்தவர்.

கவிழ்த்தது அவருடைய ‘பார்க்கலாம்’.

என் அப்பாவுக்கும் இந்த வியாதி உண்டு. அண்ணன் கல்லூரிச் சுற்றுலாவுக்குப் போகட்டுமா என்று கேட்டான். “பார்க்கலாம்” என்றார். அவன் கடன் வாங்கிப் பணம் கட்டிவிட்டான். புறப்படுகிற அன்று காலையில், “யாரைக் கேட்டுக் கட்டினாய்?” என்றார். வேண்டாம் என்று முதல் நாளே சொல்லியிருந்தால் அண்ணன் ஒரு நாள் முறைத்திருப்பான், அவ்வளவுதான்.

1860இல் தொண்டர் படைத் தலைவர் கரிபால்டி ஆயிரம் பேரோடு சிசிலிக்குக் கப்பலேறியபோது காவூர் போ என்றும் சொல்லவில்லை, நிறுத்தவும் இல்லை. ஜெயித்ததும் பலன் மன்னருக்கு வந்து சேர்ந்தது. அதே வித்தை இன்னொரு முறை பலிக்கும் என்று ரத்தாஸி நம்பினார் என்றே நினைக்கிறேன். மன்னர் விக்டர் இம்மானுவேலுக்கும் அந்த ஆசை இருந்தது. ஆனால் இந்த முறை இலக்கு போப் ஆண்ட ரோம். அங்கே போப்பைக் காத்து நின்றது பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியனின் படை. இதை மறந்துவிட்டு என்ன கணக்கு?

ஜூனில் கரிபால்டி சிசிலிக்குப் போனார். மார்சாலாவில் ‘ரோம் அல்லது மரணம்’ என்று முழங்கினார். பட்டப்பகலில் ஆள் சேர்த்தார். ஆகஸ்ட் தொடக்கத்தில்தான் மன்னரின் கண்டன அறிக்கை வந்தது. அதற்குப் பிறகும் கரிபால்டியால் சிசிலியின் கத்தானியாவில் கப்பல் பிடித்து எதிர்க்கரையில் உள்ள கலாப்ரியா போய் இறங்க முடிந்தது. உண்மையிலேயே தடுக்க நினைக்கிற அரசு இப்படியா விட்டுவைக்கும் என்று தொண்டர்கள் நினைத்தது தப்பா, சொல்லுங்கள்?

ஆகஸ்ட் 29, அஸ்ப்ரோமோன்டே மலை. கர்னல் பல்லவிச்சினியின் அரசுப் படை சுட்டது. திருப்பிச் சுடாதீர்கள் என்றார் கரிபால்டி. தொடையில் ஒரு குண்டு, வலது கணுக்காலில் ஒன்று. கணுக்கால் குண்டை நவம்பரில்தான் எடுத்தார்கள். அதற்குள் ஐரோப்பா முழுக்க அந்தக் காலைப் பற்றியே பேச்சு. சரி, அவர் பெரிய மனிதர்.

சிசிலியில் ஃபன்தீனா என்ற ஊரில் அவருடைய ஆட்களில் ஏழு பேரை அரசுப் படை விசாரணையில்லாமல் சுட்டுக்கொன்றதே, அந்த ஏழு பேரைப் பற்றி உங்கள் புத்தகத்தில் ஒரு வரி உண்டா? அக்டோபரில் பொதுமன்னிப்பு வந்தது. ராணுவத்தை விட்டு ஓடிப்போய்க் கரிபால்டியோடு சேர்ந்தவர்களுக்கு மட்டும் அது கிடையாது. ஜாடை காட்டியவர்கள் அப்போதைய தலைநகர் டூரினில் சௌக்கியமாக இருந்தார்கள், நம்பிப் போனவன்தான் மாட்டினான். எனக்கு ஆறாத இடம் இதுதான்.

அப்புறம் நாடாளுமன்றம் கூடியது. இடதுசாரிகளுக்கு அஸ்ப்ரோமோன்டேயை மன்னிக்க முடியவில்லை. அதுவரை ஏன் வளரவிட்டாய் என்று வலதுசாரிகள் பிடித்துக்கொண்டார்கள். ரத்தாஸி விலகினார், ஃபாரினி வந்தார்.

1867 ஏப்ரலில் ரத்தாஸி மறுபடி பிரதமர். கரிபால்டி மறுபடி ரோமை நோக்கிக் கிளம்பினார். மறுபடி பிரான்ஸின் மிரட்டல், அக்டோபரில் மறுபடி ராஜினாமா. இதற்கும் கூட்டணிதான் காரணம் என்று எழுதப்போகிறீர்களா?