தறியை விற்காதீர்கள், போர்டையும் பிடுங்காதீர்கள்

குடியாத்தத்திலிருந்து ஒரு அப்பா எழுதியிருக்கிறார். நான்கு விசைத்தறி போட்டுக் கைலி நெய்கிறவர். மகள் பாலிடெக்னிக்கில் இசிஇ (எலக்ட்ரானிக்ஸ், கம்யூனிகேஷன்) டிப்ளமோ, கடைசி வருடம். அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் மாதாமாதம் வரும் புதுமைப் பெண் ஆயிரம் ரூபாயைச் சேர்த்து ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டர் போர்டு ஒன்று வாங்கியிருக்கிறாள். ராத்திரி ஒரு மணி வரை அதோடு உட்கார்ந்திருக்கிறாள். கேட்டால் "கெர்னல் கட்டுறேன் நைனா" என்கிறாளாம். சென்னையில் ஐடி கம்பெனியில் இருக்கும் சித்தப்பாவோ, "இசிஇ எல்லாம் செத்துப்போச்சுண்ணா. மேனேஜ்மென்ட் கோட்டாவுல ஏஐ டேட்டா சயின்ஸ்ல நேரா ரெண்டாம் வருஷம் சேர்த்துடு, சீட்டுக்கு நான் சொல்றேன்" என்று தினமும் போன் செய்கிறார். இரண்டு தறியை விற்றால் முதல் தவணைக்குத் தேறும், விற்கலாமா என்பது அப்பாவின் கேள்வி. கூடவே இன்னொன்று: இந்தக் கெர்னல் வேலையை நிறுத்தச் சொல்லவா?

ஐயா, வீட்டில் யாருக்கும் புரியாத ஒன்றைப் பிள்ளை ராப்பகலாகச் செய்தால் பயம் வரத்தான் செய்யும். ஆறுதல் இவ்வளவுதான். தறியை விற்கக் கூடாது. அது சோறு போடுகிற சொத்து. அதை விற்று வாங்கும் சீட் சோறு போடும் என்பதற்கு உங்கள் தம்பியால் எழுதிக் கொடுக்க முடியுமா? பெரிய ஐடி சேவை நிறுவனங்கள் எந்தப் பிரிவில் படித்தவரையும் எடுத்துப் பயிற்சி கொடுத்துத்தான் உட்கார வைக்கின்றன. அவருடைய பக்கத்து நாற்காலியில் மெக்கானிக்கல் படித்தவர் இருப்பார், கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பட்டத்தின் பெயரில் ஏஐ என்று இரண்டு எழுத்து கூடியதற்காகப் பல லட்சம் கொடுப்பது உங்கள் வருமானத்தில் நியாயமே இல்லை. கம்ப்யூட்டர் சயின்ஸ் நல்லதா, ஐடி நல்லதா என்ற பஞ்சாயத்துக்குள் நான் போகவில்லை. அதைச் சொல்ல ஊரில் ஆள் நிறைய இருக்கிறார்கள்.

மகள் என்ன செய்கிறாள் என்பதை யாரும் பார்க்கவில்லை. அதைப் பார்ப்போம்.

கெர்னல் என்பது ஒரு கம்ப்யூட்டரின் அடித்தள மென்பொருள். நினைவகத்தைப் பங்கு போடுவது, எந்த வேலை எப்போது ஓட வேண்டும் என்று முடிவு செய்வது, சென்சார், திரை, நெட்வொர்க் எல்லாவற்றோடும் நேரடியாகப் பேசுவது எல்லாம் அதன் பொறுப்பு. 1991-ல் ஃபின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் தொடங்கிய லினக்ஸ் கெர்னல்தான் இன்று ஆண்ட்ராய்டு போனுக்கு அடியில் ஓடுகிறது. வைஃபை ரூட்டரிலும் டிவி பெட்டியிலும் பெரும்பாலும் அதுவே. நீங்கள் அனுப்பிய போட்டோவில் மகளின் லேப்டாப் திரையில் நீலப் பின்னணியில் ஒரு மெனு தெரிகிறது. அதன் பெயர் மெனுகான்ஃபிக். கெர்னலில் எந்தப் பகுதி வேண்டும், எது வேண்டாம் என்று தேர்ந்தெடுக்கும் இடம்.

அதாவது அவள் புதிதாக ஒரு ஆபரேட்டிங் சிஸ்டத்தைக் கண்டுபிடித்துக்கொண்டிருக்கவில்லை. ஒவ்வொரு டிசைனுக்கும் நீங்கள் தறியையே புதிதாகச் செய்வதில்லையே. பாவு மாற்றுகிறீர்கள், அச்சு மாற்றுகிறீர்கள், விழுது மாற்றுகிறீர்கள். அந்த மாதிரி, இருக்கிற லினக்ஸைக் கையிலிருக்கும் போர்டுக்குப் பொருத்துகிறாள். இது தனித் தொழில். பிஎஸ்பி (போர்டு சப்போர்ட் பேக்கேஜ்) இன்ஜினியர் என்று வேலைக்கே பெயர் இருக்கிறது. கல்வி மேளாக்களில் யாரும் இதைச் சொல்வதில்லை, சொல்லி விற்க அதில் சீட் எதுவும் இல்லை!

அந்த வேலையில் என்ன நடக்கிறது? ஒரு கம்பெனி எலக்ட்ரிக் ஸ்கூட்டருக்கான டிஸ்ப்ளே போர்டு செய்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சிப் விற்றவர் தன்னுடைய மாதிரி போர்டில் ஓடும் கெர்னலைக் கொடுத்துவிடுவார். ஆனால் இந்தக் கம்பெனி செலவைக் குறைக்க வேறு திரை, வேறு நெட்வொர்க் சிப் போட்டிருக்கும். முதல் போர்டு தொழிற்சாலையிலிருந்து வந்து மேசையில் உட்காரும். மின்சாரம் கொடுத்தால் ஒன்றும் வராது. அதை எழுப்பி ஓட வைப்பதற்கு போர்டு பிரிங்-அப் என்று பெயர். அங்கே தேவைப்படும் ஆள் சர்க்யூட் படத்தையும் படிப்பார், சிப்பின் டேட்டாஷீட்டையும் படிப்பார், சி மொழியிலும் எழுதுவார். எந்தப் பின்னில் எந்தச் சிப் இருக்கிறது என்று கெர்னலுக்குச் சொல்லும் டிவைஸ் ட்ரீ என்ற விவரக் கோப்பை எழுதுவார். செத்துப்போனது என்று சித்தப்பா சொல்லும் இசிஇதான் இதற்கு நேரான படிப்பு.

மகளிடம் இருப்பது ராஸ்பெர்ரி பை ஜீரோ 2 டபிள்யூ. அதில் நினைவகம் 512 எம்பிதான். அதிலேயே கெர்னலை கம்பைல் செய்தால், அதாவது எழுதிய நிரலைச் சிப்புக்குப் புரியும் வடிவுக்கு மாற்றினால், மணிக்கணக்கில் திணறும். அதனால் லேப்டாப்பில், அந்தப் போர்டில் இருக்கும் ஆர்ம் வகைச் சிப்புக்கான கம்பைலரை வைத்துக் கட்டி, மெமரி கார்டில் போட்டு எழுப்ப வேண்டும். பெரும்பாலும் முதல் தடவை எழாது. திரையில் எதுவும் தெரியாதபோது சீரியல் கேபிள் வழியாகத்தான் கெர்னல் என்ன புலம்புகிறது என்று படிக்க முடியும். அந்த கேபிள் 3.3 வோல்ட் சிக்னல் உடையதாக இருக்க வேண்டும். 5 வோல்ட் சிக்னலைக் கொடுத்தால் போர்டு போய்விடும். ஆரம்பத்தில் எல்லோருக்கும் வரும் ஒரு கோளாறு: மெமரி கார்டைப் படிக்கும் டிரைவரையே (ஒரு பாகத்தோடு பேசும் சின்ன மென்பொருள்) மெனுவில் நீக்கிவிடுவார்கள், அல்லது கார்டுக்குள் மாட்யூல் என்ற தனிக் கோப்பாக வைத்துவிடுவார்கள். கார்டைத் திறக்க டிரைவர் வேண்டும், டிரைவரோ கார்டுக்குள் இருக்கிறது. கெர்னல் பானிக் என்று சொல்லி நின்றுவிடும். ராத்திரி ஒரு மணிக்கு உங்கள் மகள் தேடிக்கொண்டிருப்பது அநேகமாக இந்த மாதிரி ஒன்றைத்தான். காசு கொடுத்தாலும் இந்தத் தேடலை வகுப்பில் கற்றுக்கொடுக்க மாட்டார்கள்.

சரி, சின்னக் கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் சொந்தக் கெர்னல் கட்டத்தான் வேண்டுமா? இதை மகளுக்காகவே சொல்கிறேன், ஏனென்றால் இண்டர்வியூவில் கேட்பார்கள். கற்றுக்கொள்ள என்றால் கட்டு. விற்கும் பொருளுக்கு என்றால், தேவை நிரூபணமாகும் வரை கட்டாதே. தேவை என்றால் இவை போல: உன் ஹார்டுவேருக்கு டிரைவர் இல்லை, சில வினாடிகளில் பூட் ஆக வேண்டும், நினைவகம் பத்தவில்லை, அல்லது ஒரு மோட்டாருக்கு மில்லி வினாடி தவறாமல் கட்டளை போக வேண்டும். இதில் கடைசித் தேவைகூட இப்போது இளகிவிட்டது. லினக்ஸை அப்படி நேரம் தவறாமல் இயங்க வைக்க முன்பு பிரீஎம்ப்ட் ஆர்டி என்ற திருத்த ஒட்டுகளை வெளியிலிருந்து எடுத்து ஒட்ட வேண்டியிருந்தது. 2024-ல் வந்த 6.12 பதிப்பிலிருந்து அது மூலக் கெர்னலுக்குள்ளேயே வந்துவிட்டது, மெனுவில் தேர்ந்தெடுத்தால் போதும். இந்தத் தேவைகள் எதுவும் இல்லாமல் சும்மா கட்டினால் பராமரிப்பு உன் தலையில். ஒன்பது பத்து வாரத்துக்கு ஒரு புதிய கெர்னல் வருகிறது, பாதுகாப்புத் திருத்தங்கள் இடையில் வந்துகொண்டே இருக்கும். போர்டோடு வரும் கெர்னலை வைத்திருப்பவருக்கு அப்டேட் தானாக வரும். சொந்தமாகக் கட்டியவர் ஒவ்வொரு தடவையும் தானே கட்டி, தானே சோதிக்க வேண்டும். பத்து வருடம் ஓட வேண்டிய மின்மீட்டருக்கு அப்படி ஒரு சுமையை யாராவது தூக்குவார்களா என்று யோசித்துப் பதில் சொல்பவரைத்தான் கம்பெனிகள் தேடுகின்றன.

முழுக்கச் சொந்தமாக, பூஜ்யத்திலிருந்து கெர்னல் எழுத ஆசையா? அதற்கு லினக்ஸ் பக்கமே போக வேண்டாம். மூன்று கோடி வரிகளுக்கு மேல் போய்விட்ட கடல் அது. 2021-ல் வந்த ராஸ்பெர்ரி பை பிக்கோ சில நூறு ரூபாய்தான். 264 கேபி நினைவகம், முழு லினக்ஸை ஏற்ற முடியாத குட்டி. அதில் சிஸ்டிக் என்ற டைமரையும் பெண்ட்எஸ்வி என்ற இன்டரப்டையும் (ஓடும் வேலையை இடைமறிக்கும் சைகை) வைத்து, இரண்டு வேலைகளை மாறி மாறி ஓடவிடும் ஒரு கெர்னலைச் சில நூறு வரிகளில் எழுதிவிடலாம். இரண்டு எல்இடி, இரண்டு வேகத்தில் மினுங்கினால் போதும், சிப்புக்குள் இருக்கும் சின்ன நினைவிடங்களான ரிஜிஸ்டர்களை எப்படிச் சேமித்து மீட்பது என்பது கையில் வந்துவிடும். எம்ஐடியில் பாடம் நடத்த எழுதிய எக்ஸ்வி6 கெர்னலையும் பக்கத்தில் வைத்துப் படிக்கலாம். அதற்குப் பிறகு, பொருள் செய்யும்போது ஃப்ரீஆர்டிஓஎஸ், ஜெஃபிர் என்ற குட்டிச் சிப்புகளுக்கான ஓஎஸ்கள் மாதிரி ஏற்கெனவே ஆயிரம் பேர் அடித்துத் துவைத்ததை எடுத்துக்கொள்ள வேண்டும். "நம்ம பொண்ணு சொந்தமா ஓஎஸ் பண்ணி கம்பெனி ஆரம்பிக்கட்டும்" என்று கனவு காண்கிற ஒரு மாமாவும் குடும்பத்தில் இருப்பார். மத்திய அரசு நிறுவனமான சி-டாக்கின் பாஸ் லினக்ஸே டெபியன் என்ற இன்னொரு லினக்ஸ் மேல்தான் நிற்கிறது என்று அவரிடம் சொல்லுங்கள்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். இந்த வேலைகள் வெப், ஆப் வேலைகளைவிட எண்ணிக்கையில் குறைவு. மொத்தமாக ஆள் எடுக்கும் கேம்பஸ் நாளில் இந்த வேலை கொடுக்கும் கம்பெனிகள் வருவது அரிது. ஆரம்பச் சம்பளமும் அசத்தாது. ஊரிலேயே இருந்து பார்க்கலாம் என்பது கஷ்டம், பெங்களூரு, ஓசூர், சென்னை என்று போக வேண்டிவரும். ஆனால் வேலூர்க்காரர்களுக்கு அது தூரமா? சிப் செய்யும் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் 1985-லேயே கடை விரித்த பெங்களூருக்குக் குடியாத்தம் பக்கத்திலேயே ரயில் பாதை போகிறது. ஓசூரில் டிவிஎஸ், ஏதர் என்று வண்டி செய்பவர்கள் இருக்கிறார்கள். பெண்ணை வெளியூர் அனுப்புவதா என்று பெரியம்மா கேட்பார். ஏஐ படித்தால் மட்டும் வேலை குடியாத்தம் பஸ் ஸ்டாண்டுக்கா வரப்போகிறது?

காசு விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். டிப்ளமோ முடித்ததும் லேட்டரல் என்ட்ரி கவுன்சலிங்கில் பி.இ. இரண்டாம் வருடத்துக்கு இசிஇ போடுங்கள். வேலூர் பாகாயத்தில் தந்தை பெரியார் அரசு தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது. அரசுக் கல்லூரியில் கட்டணம் ஆயிரங்களில்தான், லட்சங்களில் இல்லை. அங்கே கிடைக்காவிட்டால் கவுன்சலிங் வழியாகவே வேறு அரசுக் கல்லூரி. மேனேஜ்மென்ட் கோட்டா பேச்சே வேண்டாம், நகைக் கடனும் வேண்டாம். பட்டம் முடித்த பிறகும் தேவைப்பட்டால் சி-டாக் நடத்தும் எம்பெடட் சிஸ்டம்ஸ் (கருவிகளுக்குள் பொதிந்த கம்ப்யூட்டர்கள்) பிஜி டிப்ளமோ இருக்கிறது, ஆறு மாதம், நுழைவுத் தேர்வு உண்டு, சுமார் ஒரு லட்சம் ஆகும். அதை அப்போது பார்த்துக்கொள்ளலாம். இப்போதைக்கு அவளுக்குத் தேவையான சாமான்கள், பழைய லேப்டாப் இருக்கும்போது, ஐயாயிரத்துக்குள் முடியும். பாதி அவளிடமே இருக்கிறது. "எம்பெடட் கோர்ஸ், நூறு சதவீதம் வேலை உத்தரவாதம்" என்று போர்டு வைத்திருக்கும் இடங்களில் ஒரு ரூபாய்கூட கட்டாதீர்கள்.

இன்னொரு வழி உண்டு, அதற்குக் காசே இல்லை. லினக்ஸ் கெர்னலுக்கு யார் வேண்டுமானாலும் திருத்தம் அனுப்பலாம். ஈமெயிலில்தான் அனுப்ப வேண்டும். ஸ்டேஜிங் என்ற பகுதியில் தேறாத டிரைவர்களைச் சீர்செய்யும் சின்ன வேலைகள் கிடைக்கும். செக்பேட்ச் என்ற கருவி முதலில் தவறைக் காட்டும், பிறகு பராமரிப்பாளர்கள் கிழிப்பார்கள். ஏற்றுக்கொண்டால் அவள் பெயர் கெர்னலின் வரலாற்றில் நிரந்தரமாக நிற்கும். எந்தக் கல்லூரி, எந்த ஊர் என்று அங்கே யாரும் கேட்பதில்லை. வேலை கொடுப்பவர் தேடிப் பார்த்துக்கொள்ளலாம்.

இனி மகளுக்கு. அம்மா, உனக்கு ஒரு அரியர் இருக்கிறது என்று அப்பா எழுதியிருக்கிறார். அது எலக்ட்ரிக்கல் சர்க்யூட்ஸ் பேப்பர் என்பதுதான் எனக்கு இடிக்கிறது. சர்க்யூட் படம் படிக்க வேண்டிய வேலைக்குப் போகிறவள் அதில் தோற்கலாமா? டிப்ளமோ முழுசாகத் தேறாமல் லேட்டரல் என்ட்ரி கிடைக்காது. பரீட்சை முடியும் வரை கெர்னல் ஞாயிற்றுக்கிழமை மட்டும், அதுவும் பகலில். ஒவ்வொரு தடவை பூட் ஆகாமல் போகும்போதும் என்ன மாற்றினாய், சீரியலில் என்ன வந்தது என்று நோட்டில் எழுதி வை, இண்டர்வியூவில் அதைத்தான் பேசப்போகிறாய். ஒரே தரவை இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் தொடாமல் காக்கும் பூட்டுகளான ஸ்பின்லாக்குக்கும் மியூடெக்ஸுக்கும் வித்தியாசம் என்ன, இன்டரப்ட் ஓடும்போது மியூடெக்ஸ் ஏன் கூடாது என்று அதே நோட்டில் எழுதிப் பார். சி மொழியில் பாயிண்டரைப் பார்த்து இன்னும் தயங்கினால் அதை முதலில் சரிசெய்.

ஐயா, அவள் அடுத்து பீகிள்போன் பிளாக் என்ற போர்டு கேட்பாள். கெர்னலை ஏற்றி ஓடவிடும் யூ-பூட் என்ற பூட்லோடரைக் கற்றுக்கொள்ள அது நல்லதுதான், ஆனால் விலை பல ஆயிரம். அரியர் தேறிய பிறகு வாங்கிக் கொடுங்கள், முன்னால் வேண்டாம். சித்தப்பா அடுத்த முறை போன் செய்தால், வீட்டில் சும்மா கிடக்கும் பழைய லேப்டாப் ஏதாவது இருந்தால் அனுப்பி வைக்கச் சொல்லுங்கள். எட்டு ஜிபி ரேம் இருந்தால் நல்லது.